வேற்றுத் தெய்வக் கதையில் நம் வீட்டு முகம்

பிற தெய்வங்களும் பலிபீடங்களும் மாயமும் மந்திரமும் நிறைந்த கற்பனை நாவல்களைக் கத்தோலிக்கர் வாசிக்கலாமா? வாசிப்பதோடு நில்லாமல் அவற்றில் மகிழ்ச்சியும் கொள்ளலாமா? கல்லூரியில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இவ்வினாவை நம்மிடம் எழுப்புகின்றனர். "சுவாமி, பிள்ளை நடுநிசி வரை விழித்திருந்து வாசிக்கிறாள். புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஏதோ தேவதை, ஏதோ பலி. இது பாவமில்லையா?" என்று கவலையோடு கேட்கின்றனர். கவலை நியாயமானதே. பிள்ளை என்ன உண்கிறது என்று பார்க்கும் கண், என்ன வாசிக்கிறது என்றும் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் ஆம், இல்லை என ஒரே சொல்லில் இதற்கு விடை கூற இயலாது. ஆதலின் இத்திங்கள் இதனைச் சற்று விரிவாகச் சிந்திப்போம். நாமே வாசித்து மகிழ்ந்த நாவல் ஒன்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

திருச்சபைக்கு இவ்வினா புதிதன்று. ஏதென்ஸ் நகரில் புனித சின்னப்பர் அறியாத தெய்வத்தின் பீடத்தைக் கண்டு அதிலிருந்தே தம் போதனையைத் தொடங்கினார். கிரேக்கப் புலவரின் சொல்லையும் சான்றாக எடுத்தாண்டார் என்று அப்போஸ்தலர் பணி 17-ஆம் அதிகாரம் கூறுகிறது. எனினும் திருச்சபைத் தந்தையர் அனைவரும் ஒரே குரலில் பேசினர் என்று எண்ணிவிடலாகாது. புனித ஜெரோம் தாம் கண்ட கனவொன்றைக் கடிதத்தில் எழுதி வைத்துள்ளார். நீதியிருக்கையின்முன் நிறுத்தப்பட்ட அவர், தம்மைக் கிறிஸ்தவன் என்று சொல்ல, நீ கிறிஸ்துவின் ஆள் அல்லன், உரோமை எழுத்தாளன் சிசரோவின் ஆள் என்னும் பொருள்பட அதட்டப்பட்டாராம். புனித அகுஸ்தினாரோ, சிறுவயதில் வர்ஜில் பாடிய தீதோ அரசியின் சாவுக்காகக் கண்ணீர் வடித்ததையும், தம் ஆன்மா செத்துக்கிடந்ததற்காக ஒரு துளியும் வடிக்காததையும் நினைத்து வருந்துகிறார்.

அதே அகுஸ்தினார்தாம் வேறோர் நூலில், இஸ்ராயேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டபோது எகிப்தியரின் பொன்னையும் வெள்ளியையும் கொண்டுவந்ததுபோல, புறவினத்தாரின் கல்வியில் உள்ள உண்மைகளைக் கிறிஸ்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெரிய பசிலியார், கிரேக்க இலக்கியத்தைப் பயிலும் முறைபற்றி இளைஞருக்கென்றே ஓர் உரை எழுதினார். அதில் தேனீயை எடுத்துக்காட்டுகிறார். தேனீ எல்லாப் பூவிலும் அமர்வதில்லை. அமர்ந்த பூவையும் முழுவதுமாகத் தூக்கிச் செல்வதில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. ஆக, நமக்கு இரண்டு எச்சரிக்கைகள் கிடைக்கின்றன. பொன் எவ்விடத்தில் கிடந்தாலும் பொன்னே. அதை மறுத்தல் அறிவாகாது. ஆனால் அப்பொன்னைக் கன்றுக்குட்டியாக வார்த்து வணங்குவதும் நம் நெஞ்சுக்கு எளிது.

நம் தமிழ் மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ்க் காப்பிய மரபைத் துறைபோகக் கற்று, அம்மரபிலேயே புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணியை 1726-ஆம் ஆண்டு இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் அவரே. பிறர் இலக்கியத்தை மகிழ்ந்து கற்றிராவிடில் அவரிடமிருந்து அத்தகைய காப்பியம் பிறந்திருக்குமோ?

நூல்களைப் பற்றிய திருச்சபைச் சட்டத்தில் நேர்ந்த மாற்றம் ஒன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1559-இல் தொடங்கிய விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் நானூறு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 1966 ஜூன் 14 அன்று அதன் சட்ட வலு நீங்கியதாக உரோமை அறிவித்தது. அதனால் எந்த நூலும் தீங்கற்றது என்று பொருளாகாது. முன்பு உரோமையில் ஓர் அலுவலகம் சுமந்த பொறுப்பு, இன்று ஒவ்வொரு மனச்சான்றின்மீதும் ஒவ்வொரு இல்லத்தின்மீதும் வந்து அமர்ந்துவிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 அன்று இலக்கியம் பற்றியே ஒரு திருமுகம் எழுதி, குருமாணவர்கள் மட்டுமின்றி அனைவரும் நாவல்களையும் கவிதைகளையும் வாசித்தல் நலம் என்று ஊக்கமளித்தார்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட நாவலுக்கு வருவோம். அதன் பெயர் 'டில் வீ ஹேவ் ஃபேசஸ்'. 'நமக்கு முகங்கள் வாய்க்கும்வரை' என்று தமிழில் சொல்லலாம். 1956-இல் வெளிவந்தது. ஆசிரியர் சி. எஸ். லூயிஸ். 1898-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். ஒன்பது வயதில் தாயை இழந்தவர். இளமையில் கடவுள் இல்லையென்று துணிந்தவர். ஆயினும் வடநாட்டுப் புராணங்களும் கிரேக்கப் புராணங்களும் அவர் உள்ளத்தை என்றும் ஈர்த்தவண்ணம் இருந்தன. இறந்து உயிர்க்கும் தெய்வத்தைப் பற்றிய பழங்கதைகளை வாசிக்கையில் நெகிழ்ந்த அவருக்கு, நற்செய்தியை வாசிக்கையில் மட்டும் அந்நெகிழ்ச்சி தோன்றவில்லை.

1931 செப்டம்பர் 19 இரவு. ஆக்ஸ்போர்டின் மக்தலேன் கல்லூரித் தோட்டப் பாதையில் லூயிஸ் நண்பர் இருவருடன் நெடுநேரம் உலாவினார். ஒருவர் ஹியூகோ டைசன். மற்றவர், பிற்காலத்தில் 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையை எழுதிய டோல்கீன். அவர் நம் கத்தோலிக்க விசுவாசத்தில் ஊன்றியவர். தாயை இழந்தபின் பர்மிங்காமில் ஒரு குருவானவரின் பாதுகாப்பில் வளர்ந்தவர். பழங்கதைகள் வெறும் பொய்யல்ல, இறை ஒளியின் சிதறல்கள் அவற்றில் உண்டு. அக்கதைகள் ஏங்கிய ஒன்று கிறிஸ்துவிடத்தில் மெய்யாகவே நடந்தேறியது என்பதே டோல்கீனின் வாதம். சில நாள்களில் லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். விசுவாச அறிக்கையில் போஞ்சு பிலாத்தின் பெயரை நாம் ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அதன் பொருள் இதுவே. ஏதோ ஒரு காலத்தில் என்று தொடங்கும் கதை, ஓர் ஆளுநரின் ஆட்சிக்காலத்தில், ஒரு நகரத்தின் வாயிலுக்கு வெளியே நிகழ்ச்சியாகிவிட்டது. லூயிஸ் இறுதிவரை ஆங்கிலிக்கன் சபையிலேயே இருந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நாவலின் கரு மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் மதௌரா ஊரைச் சேர்ந்த அபுலேயுஸ் எழுதிய சைக்கியின் கதை அது. அதே மதௌராவில்தான் பின்னாளில் சிறுவர் அகுஸ்தினார் கல்வி பயின்றார். காதல் தெய்வம் ஒரு மானிடப் பெண்ணை மணந்து, தன் முகத்தைப் பார்க்கலாகாது எனக் கட்டளையிடுகிறது. அவளுடைய அரண்மனையைக் கண்டு பொறாமை கொண்ட அக்காமார் கட்டளையை மீறத் தூண்டுகின்றனர். லூயிஸ் இதில் முதன்மையாக ஒன்றை மாற்றினார். அந்த அரண்மனை அக்காளின் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வைத்தார். அந்த ஒரு மாற்றத்தால் பொறாமைக் கதை விசுவாசத்தின் கதையாகிவிட்டது.

குளோம் என்பது கிரேக்க நாட்டுக்கு அப்பால் இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட சிற்றரசு. அங்கே உங்கித் என்னும் பெண் தெய்வம். சிற்பி செதுக்கிய உருவம் அன்று, முகமில்லாத கல். கோயிலுக்குள் இருளும் இரத்த வாடையும். அரசனின் மூத்த மகள் ஓருவல் அழகற்றவள். தந்தையின் ஏச்சிலேயே வளர்ந்தவள். மாற்றாந்தாய் பெற்றுவிட்டு இறந்த குழந்தை சைக்கியை ஓருவலே தாயாக இருந்து வளர்க்கிறாள். 'நரி' என்று அழைக்கப்படும் கிரேக்க அடிமை இருவருக்கும் ஆசிரியர். கொள்ளைநோயும் பஞ்சமும் வருகின்றன. தெய்வத்தின் சீற்றம் தணியச் சைக்கியை மலைமீது பலியாக விட்டுவிட வேண்டுமென்று கோயிற் பூசாரி அறிவிக்கிறார். அவ்வாறே ஒரு மரத்தில் பிணித்து விட்டுவருகின்றனர்.

எலும்பையாவது எடுத்து அடக்கம் செய்யலாமென்று ஓருவல் பின்னர் மலையேறுகிறாள். ஆற்றின் அக்கரையில் சைக்கி உயிரோடு நிற்கிறாள்! முகம் மலர்ந்திருக்கிறது. உள்ளங்கையில் ஏந்தி, இது திராட்சை இரசம் என்று கொடுக்கிறாள். ஓருவல் காண்பது வெறும் ஆற்றுநீர். இதோ என் அரண்மனை என்கிறாள் தங்கை. அக்காள் காண்பது புல்வெளி. அன்றிரவு நீர் பருகக் குனிந்த ஓருவல் நிமிர்ந்து பார்க்க, அரைவெளிச்சத்தில் அரண்மனை ஒரு கணம் தெரிகிறது, மறுகணம் பனிமூட்டம். கண்டதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுமுறை மலையேறி, கணவனின் முகத்தை விளக்கேற்றிப் பார்த்தே தீரவேண்டுமென்று தங்கையை நெருக்குகிறாள். மறுத்தபோது கத்தியை எடுத்துத் தன் கையிலேயே குத்திக்கொள்கிறாள். உன்னையும் கொன்று நானும் சாவேன் என்று மிரட்டுகிறாள். சைக்கி அடிபணிகிறாள், விளக்கை ஏற்றுகிறாள், அனைத்தையும் இழந்து அழுதுகொண்டே நாடு கடந்து போகிறாள். ஓருவல் முகத்திரை அணிந்து அரசியாகி, நல்லாட்சி புரிந்து, முதுமையில் தெய்வங்கள்மீது குற்றச்சாட்டொன்றை நூலாக எழுதுகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தக் குற்றச்சாட்டே.

இதனை வாசிக்கையில் நாம் மெய்யாகவே மகிழ்ந்தோம். மலைப்பள்ளத்தாக்கின் குளிர்ந்த காற்றும், ஆற்றோசையும், சேவகன் பார்தியாவின் நேர்மையும் இன்னும் மனத்தில் நிற்கின்றன. அதைவிட மேலாக, அந்த இருண்ட கோயிலே நம்மைச் சிந்திக்க வைத்தது. நரி அறிவாளி, அன்பாளர், நல்லவர். தெய்வங்கள் பற்றிய பேச்செல்லாம் புலவர்களின் கட்டுக்கதை என்பார். பூசாரியோ கொடிய வழிபாட்டின் காவலர். ஆனால் அரசன் குத்துவாளின் முனையை விலாவில் வைத்தபோது அந்தக் கிழவர் சிறிதும் அசையவில்லை. தாம் நம்புவதை மெய்யாகவே நம்புகிறார். பலியின்றி மீட்பில்லை என்ற உண்மையின் நிழல் அந்தக் கல்லின்முன் கிடக்கிறது. நரியின் தெளிந்த நீரோடையில் அது இல்லை. நிழல் கோணலானது, அச்சந்தருவது. எனினும் ஓர் உருவத்தின் நிழல். கல்வாரியை அறிந்தவர்களுக்கு அந்த உருவம் எது என்பது தெரியும்.

பெற்றோரின் முதல் வினாவுக்கு விடை இங்கே ஒருவாறு கிடைக்கிறது. புறத்தெய்வங்களைப் பற்றிய கதை என்பதால் ஒரு நூல் விசுவாசத்துக்குப் பகையாகிவிடுவதில்லை. ஆனால் இந்நாவல் நமக்குச் செய்த பெரிய நன்மை வேறொன்று. அது நம் பங்குக் குடும்பங்களைப் பற்றியது.

நாவலின் இரண்டாம் பகுதியில் ஓருவலின் கண்கள் திறக்கின்றன. பார்தியா இறந்தபின் அவன் மனைவியைக் காணச் செல்கிறாள். அரசியின் வேலையே அவனை உருக்கித் தின்றுவிட்டது, மிஞ்சியதே வீட்டுக்கு வந்தது என்று அந்த விதவை முகத்துக்கு நேரே கூறிவிடுகிறாள். பின்னர்க் காட்சியொன்றில், முகமில்லாமல் எல்லாவற்றையும் விழுங்கும் உங்கித் தானே என்று ஓருவல் உணர்கிறாள். தெய்வங்களின்முன் தன் குற்றச்சாட்டை வாசிக்க நிற்கும்போது, பெரிய நூலாக எழுதியது கையில் ஓர் அற்பமான சுருளாக மாறியிருக்கிறது. அதில் அவள் வாசிப்பதெல்லாம் ஒன்றே: சைக்கி என்னுடையவள், என்னைத் தவிர வேறெவரும் அவளை மகிழ்விக்க நான் பொறுக்கமாட்டேன். தன் குரலைத் தானே கேட்டதே அவளுக்குப் பதிலாகிவிடுகிறது.

அன்புமிக்க பெற்றோரே, இந்தக் குரலை நாம் குளோம் நாட்டில் மட்டுமா கேட்கிறோம்? கன்னியர் மடத்தில் சேர விரும்புகிறேன் என்று மகள் சொன்ன அன்று, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் உண்ணாமல் படுத்த தாய்மார் உண்டு. மகள் விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்த பிறகே எழுந்து கஞ்சி குடித்தனர். ஓருவல் தன் கையில் குத்திக்கொண்ட கத்திக்கும் இந்தப் பட்டினிக்கும் என்ன வேறுபாடு? திருமணமாகிப் பத்தாண்டு கழிந்தும் மகனை மருமகளிடம் ஒப்படைக்க மனம் வராத அன்னையர் உண்டு. வெளியூரில் வேலை கிடைத்த மகனிடம், நீ போனால் என்னை உயிரோடு பார்க்கமாட்டாய் என்ற தந்தையரும் உண்டு. குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. உபதேசியாரையும் கோயிற் பணியாளரையும் நேரங்காலமின்றி அழைக்கும் பங்குத்தந்தையர், பார்தியாவின் மனைவி சொன்னதைச் செவியில் வாங்குதல் நலம். இவர்களில் ஒருவரும் கொடியவர் அல்லர். எல்லாரும் அன்பின் பெயராலேயே செய்கின்றனர். அதுவே இந்நோயின் ஆபத்து. லூயிஸ் 1960-இல் எழுதிய நான்கு அன்புகள் பற்றிய நூலிலும், பாசம் தெய்வத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் விழுங்கத் தொடங்கிவிடும் என்று எச்சரிக்கிறார்.

அப்படியானால் பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் தலையசைக்க வேண்டுமோ? இல்லை. அழைத்தல் மெய்யானதா, வரன் நல்லவனா, வேலை தக்கதா என்று விசாரிப்பது பெற்றோரின் கடமை. அக்கறைக்கும் விழுங்கும் அன்புக்கும் வேறுபாடு காண ஓர் அடையாளத்தை நாவலே தருகிறது. ஓருவல் அரண்மனையை ஒரு கணம் கண்டாள், கண்டதை மறைத்தாள். மடத்தில் ஒரு வாரத் தியானம் முடிந்து மகள் திரும்பிய மாலையில் அவள் முகத்தில் இருந்த ஒளியைத் தாய் பார்த்திருக்கிறாள். பார்த்ததைக் கணவரிடம் சொன்னாளா? பங்குச் சாமியாரிடம் சொன்னாளா? தன்னிடமே சொல்லிக்கொண்டாளா? பிள்ளையின் நன்மையைத் தேடுகிறவர் கண்டது அனைத்தையும் எடைபோடுவார். தமக்கு நேரும் இழப்பை அஞ்சுகிறவர் கண்டதில் ஒன்றைத் திரைக்குப்பின் வைத்துவிடுவார்.

நூலின் பெயருக்குப் பொருளும் இதுவே. முகத்திரைக்குள் ஒளிந்து, உள்ளத்தில் உள்ளதைச் சொல்லாமல் வேறு சொற்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை, இறைவன் நம்மை முகமுகமாய்ச் சந்திப்பது எங்ஙனம்? புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், அன்பைப் பற்றிய அதிகாரத்திலேயே, முகமுகமாய்க் காணும் நாளைப் பற்றிப் பேசுவது பொருத்தமன்றோ? நல்ல ஒப்புரவு அருட்சாதனம் என்பதும் முகத்திரையைக் களைவதே.

இறுதியாகப் பெற்றோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். இந்நாவல் சிறுவருக்கு உரியதன்று, வளர்ந்தோருக்கு உரியது, நடை எளிதெனினும் பொருள் ஆழ்ந்தது. பிற நாவல்களைப் பொறுத்தவரை, பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குமுன் நீங்கள் ஓர் அதிகாரமாவது வாசியுங்கள். கதையில் வரும் மந்திரத்துக்கும், மந்திரத்தைச் செய்துபார்க்கக் கற்பிக்கும் நூலுக்கும் வேறுபாடு உண்டு. ஆவிகளை அழைத்தல், குறிகேட்டல் போன்றவை உபாகமம் 18-ஆம் அதிகாரம் முதல் இன்றைய மறைக்கல்வி நூல்வரை தெளிவாக விலக்கப்பட்டவை. அத்தகைய நூலை வீட்டில் வைக்கவேண்டா. மற்றவற்றுக்கு மூன்று வினாக்கள் போதும். தீமையை இந்நூல் தீமை என்றே காட்டுகிறதா? இதை வாசித்தபின் பிள்ளை வீட்டாரிடம் அதிக அன்புடையதாகிறதா, வெறுப்புடையதாகிறதா? இரவுச் செபத்தை இது தின்றுவிடுகிறதா? மூன்றாவது வினா புனித ஜெரோமின் கனவிலிருந்து வருவது. நல்ல நூலுக்கும் அது பொருந்தும்.

இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால், பிள்ளையின் அருகில் அமர்ந்து, கதை என்னவென்று கேளுங்கள். அது மகிழ்ந்ததில் நீங்களும் மகிழுங்கள். தெய்வங்களையும் பூதங்களையும் பற்றித் தொடங்கும் பேச்சு, அடுத்த ஆண்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று மகள் தயங்கித் தயங்கிச் சொல்லும் பேச்சாக முடியலாம். அப்போது கதவைச் சாத்திக்கொள்ளாமல் கேளுங்கள். நாற்பதாம் நாளில் தம் மகனைக் கோயிலுக்கு ஏந்திச் சென்று ஒப்புக்கொடுத்த தேவதாய், கொடுக்கவும் தெரிந்த அன்பை நம் இல்லங்களுக்குப் பெற்றுத்தருவாராக.